தேம்ஸ் கரையில் அம்மாவுக்கு ஒரு வாங்கு

இங்கிலாந்தில் ஆற்றங்கரையிலோ பூங்காவிலோ இறந்தவர் பெயரில் ஒரு நினைவு வாங்கு வைக்கப் போகிறீர்களா? எவ்வளவு காசு கட்டினாலும் அந்த பெஞ்ச் உங்களுடையதாகாது. பெரும்பாலும் 10 வருடம் போலக் குத்தகைதான். புதிய வாங்கு ஆயிரம் பவுண்டுக்குக் குறைவாகக் கிடைப்பது அரிது, பல இடங்களில் இரண்டாயிரத்தையும் தாண்டும். இதெல்லாம் விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் இருக்காது. 'நிபந்தனைகள்' என்று தனியாக ஒரு கோப்பு இருக்கும், அதைத் திறந்தால்தான் தெரியும்.

அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். பின்னேரம் ஆற்றோரம் நடக்கப் போனால் வாங்குக்கு வாங்கு இருந்து இருந்துதான் போவார். இருந்ததும் "இதில ஆரின்ர பேர் போட்டிருக்கு?" என்று கேட்பார். தகட்டை வாசித்துச் சொல்வது என் வேலை. ஊரில் பிள்ளைத்தாச்சியாகச் செத்த பெண்களின் நினைவாக, வழிப்போக்கர் சுமை இறக்கி இளைப்பாறச் சுமைதாங்கி கட்டுவார்களே, இதுவும் அந்த மாதிரித்தான் என்று அவரே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். அதனால் அவர் போனபின் என்ன செய்வது என்று வீட்டில் ஒரு விவாதமும் வரவில்லை. மல்லுக்கட்டியதெல்லாம் உள்ளூர் நிர்வாகமான கவுன்சிலோடுதான்.

நாங்கள் கேட்டது ஆறு வளைகிற இடத்தில், ஒரு வில்லோ மரத்தடி. வரைபடத்தில் புள்ளி வைத்து அனுப்பினோம். இடத்தை நேரில் பார்க்கலாம் என்று பதில் வந்தது. அரைநாள் லீவு போட்டு மழைக்குள் போய் நின்றால், வந்த அலுவலர் டேப்லெட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் எங்கள் நிலம் இல்லையே" என்றார். அவர் பார்த்ததும் நாங்கள் அனுப்பிய அதே புள்ளியைத்தான். கதிரையில் இருந்தபடியே பார்த்துச் சொல்லியிருக்கலாம். அப்படியானால் யாருடைய நிலம்? தெரியாதாம். நிலப் பதிவகத்தில் கட்டணம் கட்டித் தேடிப் பார்க்கட்டாம்.

பாதை பொதுப்பாதை என்பதால் நிலமும் பொதுநிலம் என்று எண்ண வேண்டாம். தேம்ஸ் பாத் 1996இல் தேசிய நடைபாதையாகத் திறக்கப்பட்டது, நீளம் கிட்டத்தட்ட 185 மைல். அதில் நடக்கிற உரிமைதான் எல்லாருக்கும் பொது. காலடியில் உள்ள மண் கவுன்சிலுக்கும் அறக்கட்டளைகளுக்கும் பண்ணைக்காரருக்கும் தனியாருக்கும் துண்டு துண்டாகச் சொந்தம். இன்னொரு முடிச்சும் உண்டு. பெரிய ஆறுகளின் கரையிலிருந்து 8 மீட்டருக்குள் எதையாவது ஊன்றுவதென்றால் சுற்றுச்சூழல் முகமையின் வெள்ள அனுமதி தேவைப்படலாம். கடல் ஏற்றவற்றம் உள்ள பகுதியில் அது 16 மீட்டர். தேம்ஸில் மேற்கு லண்டனின் டெடிங்டன் லாக் என்ற மதகுக்குக் கீழே அந்தக் கணக்கு. 2024 ஜனவரியில் ஹெங்க் புயலோடு ஆறு கரைமீறி வந்ததைப் பார்த்தவன் என்ற முறையில் இந்த விதியில் எனக்குக் குறை இல்லை. ஆனால் இப்படி ஒன்று இருக்கிறது என்று நாங்களாகத் தேடிப் பிடித்துக் கேட்கும்வரை ஒருவரும் வாய் திறக்கவில்லையே!

கவுன்சிலின் சொந்த நிலத்தில் புதிய வாங்குக்கு இடம் இல்லை, காத்திருப்போர் பட்டியலில் போடலாம் என்றார்கள். போட்டோம். அப்புறம் நெடுநாள் சத்தமே இல்லை. திடீரென்று ஒரு மின்னஞ்சல்: குத்தகை முடிந்த வாங்கு ஒன்று இருக்கிறது, எடுக்கிறீர்களா?

போய்ப் பார்த்தோம். பழைய தகடு இன்னும் அதில் இருந்தது. ஒரு பெண்மணியின் பெயர், கீழே 'இந்தக் காட்சியை நேசித்தவர்'. காட்சி என்று இப்போது அங்கே இருப்பது நாணலும் முட்பற்றையும். உறவினர் தொடர்புகொள்ளவும் என்று கவுன்சில் கட்டிவிட்ட அறிவித்தல் வெயிலில் வெளிறிப் போயிருந்தது. கடிதங்களுக்கும் பதில் இல்லையாம். "அவை விட்டதைத்தானே நாங்கள் எடுக்கிறம்" என்றான் டொராண்டோவில் இருந்து தம்பி. அக்கா விடவில்லை. "அந்த மனிசியை எழுப்பிப்போட்டு அம்மாவை இருத்துறதோ?"

பழைய தகட்டையும் ஒரு மூலையில் விட்டுவிடலாமா என்று கேட்டோம். ஒரு வாங்குக்கு ஒரு தகடுதான், அதுதான் விதி என்று பதில். எந்த விதி, எந்தப் பக்கத்தில் என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. கடைசியில் எங்கள் வார்டு கவுன்சிலருக்கு எழுதினோம். இதை எல்லாரும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், வாக்குக் கேட்டு வருகிறவருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் சில கதவுகள் தானாகத் திறக்கின்றன. எங்கள் செலவிலேயே அந்தத் தகட்டைக் கழற்றி வாங்கின் பின்பக்கத்தில் பூட்ட அனுமதி வந்தது. அக்காவுக்கு அன்றுதான் முகம் மலர்ந்தது.

அடுத்தது தமிழ் எழுத்து. ஆங்கிலத்தில் பொருள் எழுதிக் கொடுத்தால் தமிழில் பொறிக்கலாம் என்றார்கள், அதில் பிரச்சினை இல்லை. ஆனால் படிவத்தில் எழுத்து வரம்பு உண்டு, அதை எண்ணுவது கணினி. 'அன்பு' நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ஐந்து, புள்ளியும் உகரக் குறியும் தனித்தனிக் கணக்கு. பெரிய கூத்து மாதிரிப்படம் வந்தபோதுதான். கொம்புகள் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றன, புள்ளிகள் வெறும் வட்டங்களின் மேல் அந்தரத்தில் மிதந்தன. சரியென்றால் கையெழுத்திட்டு அனுப்புங்கள் என்று கூடவே ஒரு வரி! கையெழுத்திட்டபின் பிழை கண்டால் புதுத் தகட்டுக்கான காசு உங்கள் தலையில். ஆகவே தமிழைத் தட்டச்சு செய்து மின்னஞ்சலில் அனுப்பவே அனுப்பாதீர்கள். எழுத்துக்களைக் கோட்டுருவமாக (அவுட்லைன்) மாற்றி பிடிஎஃப் ஆக அனுப்புங்கள், அப்போது அவர்களிடம் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டாலும் உடையாது. வரும் மாதிரியை வீட்டுக்கு வெளியே இருக்கிற, தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். நமக்குப் பெயர் மனப்பாடம் என்பதால் கண் பிழையைத் தாண்டிப் போய்விடும்.

தகடு துருப்பிடிக்காத எஃகில் இருக்கட்டும். பித்தளை அழகுதான், ஆனால் கறுக்கும், திருட்டும் போகும். பழைய உலோகத்துக்குக் கையில் காசு கொடுப்பதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தாலும் கழற்றிக்கொண்டு போகிறவர்கள் போகிறார்கள்.

ஆண்டுத் திவசத்துக்கு முன் எல்லாம் முடிந்துவிடும் என்று தொலைபேசியில் சொன்னதை நம்பி, வெளியூர்ச் சொந்தங்களுக்கும் சொல்லிவிட்டோம். திவசத்தன்று எல்லாரும் போய்ப் பார்த்தது தகடில்லாத வாங்கைத்தான். எழுத்தில் தராத திகதியை நம்பி யாருக்கும் டிக்கெட் போடச் சொல்லாதீர்கள். பூ, மெழுகுதிரி, பலூன் ஒன்றும் வாங்கில் கட்டக் கூடாது, கட்டினால் அகற்றிவிடுவார்கள். அக்கா மல்லிகைச் சரம் கொண்டுபோய்ப் போடுவார், திரும்பும்போது தானே எடுத்துவிடுவார்.

இன்னும் ஒன்று. குத்தகை முடியும்போது கடிதம் நீங்கள் படிவத்தில் கொடுத்த முகவரிக்குத்தான் போகும். வீடு மாறினால் சொல்லுங்கள். இரண்டாவது தொடர்பாக வேறு வீட்டில் இருக்கிற, உங்களைவிட இளைய ஒருவரின் பெயரையும் கொடுங்கள். படிவத்தில் அதற்கென்று பெட்டி இல்லை, 'பிற தகவல்கள்' என்ற இடத்தில் எழுதலாம். பதிவாகிவிட்டதா என்று எழுத்தில் உறுதியும் கேளுங்கள். நாங்கள் மருமகளின் பெயரைக் கொடுத்துக் கேட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.