1875-இல் பெல்ட் வளையமா?

இன்று பார்த்த வெஸ்டர்ன் படத்தில் கதை நடப்பது 1875. நாயகனின் ஜீன்ஸில் வரிசையாக பெல்ட் வளையங்கள்!

ஜேக்கப் டேவிஸும் லீவை ஸ்ட்ராஸும் செப்பு ரிவெட் (மூலைகள் கிழியாமல் பிடிக்கும் உலோக ஆணி) அடித்த கால்சட்டைக்கு, அதாவது இன்றைய ஜீன்ஸின் முன்னோடிக்கு, காப்புரிமை வாங்கியது 1873 மே மாதம். அதில் பின்பக்கம் ஒரே பை. இடுப்பை இறுக்கப் பின்னால் ஒரு பட்டி, தோள்வார் மாட்டப் பொத்தான்கள். இரண்டாவது பின்பை 1901-இல் வந்தது, பெல்ட் வளையம் 1922-இல்.

சினிமாவுக்குப் பழைய புகைப்படங்களைப் பார்த்துத்தான் உடை தைக்கிறார்கள். அங்கேயும் சறுக்கும்.

அக்காலத் தகரப்படம் (மெல்லிய இரும்புத் தகட்டில் நேரடியாக எடுத்த புகைப்படம்) இடவலம் மாறித்தான் விழும். அமெரிக்கக் கொள்ளைக்காரன் பில்லி த கிட் இடதுகைக்காரன் என்று வெகுகாலம் நம்பப்பட்டது இதனால்தான். அவன் கையிலிருக்கும் வின்செஸ்டர் துப்பாக்கியில் தோட்டா போடும் வாயில் வலப்பக்கம் இருக்க வேண்டும். படத்தில் இடப்பக்கம் தெரிகிறது. துப்பாக்கி இல்லாத படமென்றால் கோட்டுப் பொத்தானைப் பாருங்கள். ஆண்கள் உடையில் இடப்பக்கத் துணி மேலே வரும். வலப்பக்கம் மேலே இருந்தால் படத்தைத் திருப்பிவிட்டுத்தான் அளவெடுக்க வேண்டும்.

நிறம் இன்னும் மோசம். அக்காலப் புகைப்படத் தகட்டில் பூசிய ரசாயனத்துக்கு நீலம் வெளுப்பாகவும் சிவப்பும் மஞ்சளும் கறுப்பாகவும் படும். படத்தில் கறுப்பாய்த் தெரிகிற சட்டை நல்ல சிவப்பாக இருந்திருக்கலாம்.

அப்புறம் தொப்பி. தொப்பி தயாரிப்பாளர் ஸ்டெட்சன் 1865-இல் விற்கத் தொடங்கிய தொப்பிக்குத் தட்டையான விளிம்பு, உருண்டை உச்சி. மடிப்பு, நெளிவெல்லாம் தொப்பியை அணிந்தவர்கள் பிற்பாடு பிடித்துப் பிடித்து அழுத்தியதுதான். சினிமாக்காரர்கள் மட்டும் கடையிலேயே நெளித்து வாங்கிவிடுகிறார்கள்.