‘பாடி அண்ட் சோல்’: பிரிட்ஜ் வசப்பட்டது

குரலும் டபுள் பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியமும் மட்டும் வைத்துப் பழைய ஜாஸ் ஸ்டாண்டர்டுகளை, அதாவது பலரும் பாடிப் பழகிய பாட்டுகளை, பதிவு செய்துவரும் எங்கள் ஆல்பத்தில், இத்தனை காலம் முரண்டு பிடித்த ‘பாடி அண்ட் சோல்’ நேற்று இரவு படிந்துவிட்டது. பிரிட்ஜுக்குள், அதாவது பாட்டின் நடுவே மெட்டு மாறும் பகுதிக்குள், நுழையும் இடத்தில் குரல் இம்மியும் தடுமாறவில்லை. பியானோவும் கித்தாரும் துணைக்கு இல்லாமல் இதைச் செய்திருக்கிறோம் என்பதில் எனக்குப் பெருமைதான். ஹெட்போனில் திரும்பத் திரும்பக் கேட்டும் ஆசை தீரவில்லை.

இந்தப் பாட்டைத் தொட்டவர்களுக்கு வில்லங்கம் எங்கே என்று சொல்ல வேண்டியதில்லை. ஜானி கிரீன் 1930-இல் போட்ட மெட்டு, வழக்கமாக டி பிளாட்டில், அதாவது டி-க்கு அரை சுரம் கீழே உள்ள சுருதியில், பாடப்படுவது. பிரிட்ஜ் வந்ததும் பாட்டு முழுவதுமாக அரை சுரம் ஏறி டி-யில் போய் நிற்கும். அடுத்த நான்கு பார்களில் (தாள அளவுகளில்) சி. பிறகு மூன்று செவன்த் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டுகள்) அரை அரை சுரமாக இறங்கிப் பழைய சுருதிக்குத் திரும்பக் கூட்டிவரும். பியானோ இருந்தால் புதிய கார்டு காதில் விழும். அதைப் பிடித்துக்கொண்டு போய்விடலாம். பாஸில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான். மீதிக் கார்டு பாடுகிறவரின் மனதில் ஒலித்தாக வேண்டும்.

முதலில் பி பிளாட்டில் பாடிப் பார்த்தோம். என் குரலுக்கு அது வாகான சுருதி. ஆனால் பிரிட்ஜ் பி-க்குப் போகிறது. பாஸின் தந்திகளோ ஈ, ஏ, டி, ஜி. பி மேஜருக்குள் அடங்குவது ஈ மட்டும்தான். மற்ற சுரம் எல்லாவற்றையும் விரலால் அழுத்தியே எடுக்க வேண்டும். பாட்டு மலர வேண்டிய இடத்தில் பாஸ் மங்கிப்போனது. பாஸ் வாசிக்கும் தம்பிதான் வழி சொன்னான்: “அக்கா, ஒரு சுரம் இறக்கி ஏ பிளாட்டில் பாடுங்கள். பிரிட்ஜில் எனக்குத் திறந்த தந்திகள் கிடைக்கும்.”

அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. திறந்த தந்தி என்றால் விரலால் அழுத்தாமல் ஒலிப்பது. ஏ பிளாட்டில் ஜி தவிர வேறு திறந்த தந்திக்கு இடமில்லை. அதனால் முதல் பதினாறு பார்களும் அடக்கமாகவே போகின்றன. பிரிட்ஜ் ஏ-க்கு மாறியதும் ஈ, ஏ, டி மூன்றும் திறந்து ஒலிக்கின்றன. அடுத்து ஜி-க்கு வரும்போது நான்கும். ஒலியளவைத் தொடவே வேண்டாம், பாஸ் தானாகவே விரிகிறது. இதற்காக அடிச் சுரங்களில் கொஞ்சம் மூச்சுக் கலந்து வந்தாலும் பரவாயில்லை என்று முடிவு செய்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பிரிட்ஜுக்கு முன் இருமுறை வரும் முதல் பகுதியில், இரண்டாம் முறையின் கடைசிச் சுரம் ஆதார சுரமேதான், அதாவது நடு சி-க்குக் கீழே உள்ள ஏ பிளாட். அதை விடாமல் பிடித்திருக்கிறேன். பாஸ் பி-யைத் தொட்டுவிட்டு ஈ தந்தியைத் திறந்து அடிக்கிறது. அந்தக் கணமே என் ஷட்ஜம் ஈ-யின் அந்தர காந்தாரமாகிவிடுகிறது. அடுத்த பாரில் பாஸ் ஏ-க்கு வந்ததும் அதே சுரம் காகலி நிஷாதம். அங்கிருந்து புதிய ஷட்ஜத்துக்கு ஓர் எட்டுதான். கர்நாடக சங்கீதம் பழகிய காதுக்கு இது கைவந்த கலை. அரை சுரம் தாவ வேண்டும் என்று நினைத்துப் பாடிய வரை தொண்டை இறுகியது. காந்தாரம், நிஷாதம், ஷட்ஜம் என்று நினைத்தவுடன் இறுக்கம் போய்விட்டது.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பியானோ சுருதியின் காந்தாரம் இயற்கையான காந்தாரத்தைவிட ஏறக்குறைய 14 சென்ட் கூடுதல் (அரை சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). பாஸின் ஈ தந்தி 41.2 ஹெர்ட்ஸ், அதன் ஐந்தாவது ஹார்மானிக், அதாவது அதே தந்தியில் ஐந்து மடங்கு அதிர்வில் கூடவே ஒலிக்கும் மேல் சுரம், 206. நான் பிடித்திருக்கும் ஏ பிளாட், பியானோ கணக்கில் 207.65. இரண்டு ஹெர்ட்ஸுக்கும் குறைவான இறக்கம்தான், ஆனால் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டால் தந்திக்குள்ளிருந்தே குரல் வருவதுபோல் இருக்கிறது. ஈ ஒலிப்பதற்கு முன்பே இறங்கினால் சுருதி குறைந்ததாகத்தான் கேட்கும். ஈ ஒலித்து, அதன் ஹார்மானிக் காதுக்கு எட்டிய பிறகு இறங்க வேண்டும். அதுவரை வைப்ரேட்டோ (குரலை நடுக்கிப் பாடுவது) கூடாது, கமகம் அறவே கூடாது. நேற்றைய பதிவில் அந்த இறக்கம் அப்பட்டமாகக் கேட்கிறது.

திரும்பி வரும் வழியில் ஜி, ஜி பிளாட், எஃப். ஜி-யைத் திறந்த தந்தியில் அடித்தால் ஜி பிளாட் வரும்போதும் அது அடங்காமல் உறுமும். எனவே தம்பி மூன்றையும் ஈ தந்தியிலேயே, ஒரே விரலால் வழுக்கிக்கொண்டு இறங்குகிறான். விரல் தந்தியில் உரசும் சத்தமும் பதிவாகியிருக்கிறது. அதை அழிக்கப் போவதில்லை.

இதே பாட்டை ஜாஸ் பாடகி எஸ்பெரான்ஸா ஸ்பால்டிங் 2008-இல் ஸ்பானிஷில், ஐந்து எண்ணிக்கைத் தாளத்தில், பாஸும் தானே வாசித்துப் பாடியிருக்கிறார். ஷீலா ஜோர்டன் 1962-இல் ‘போர்ட்ரெய்ட் ஆஃப் ஷீலா’ ஆல்பத்தில் ஒரு பாட்டை ஸ்டீவ் ஸ்வாலோவின் பாஸ் ஒன்றையே துணையாக வைத்துப் பாடினார். இந்த வடிவத்துக்கு நாங்கள் துணிந்ததே ஷீலா பாடியதைக் கேட்டுத்தான்.

மைக் விஷயம்: இருவரும் ஒரே அறையில், எதிரெதிரே. எட்டு வடிவத்தில், அதாவது முன்னாலும் பின்னாலும் மட்டும், ஒலி வாங்கும் ரிப்பன் மைக் இரண்டு. பக்கவாட்டில் இவற்றுக்குக் காது கேட்காது. என் மைக்கின் பக்கவாட்டைப் பாஸை நோக்கியும், பாஸ் மைக்கின் பக்கவாட்டை என் வாயை நோக்கியும் திருப்பி வைத்தால் ஒன்றின் ஒலி மற்றதில் கசிவது வெகுவாகக் குறைகிறது. நடுவில் தடுப்பு வைக்கத் தேவையில்லை. முகம் பார்த்துப் பாட முடிகிறது.

தந்தியைப் பற்றி ஒரு புலம்பல். விரலால் மீட்டும்போது ஒலி நீண்டு நிற்க வேண்டும் என்று ஸ்பைரோகோர் என்ற வகைத் தந்தியைக் கேட்டிருந்தோம். கடைக்காரர் வில் வாசிப்புக்கான தந்தியை அனுப்பிவிட்டு, எல்லாம் ஒன்றுதான் என்று சாதித்தார். ஒன்றல்ல. அந்தத் தந்தியில் நான் சொன்ன ஈ பிறந்த வேகத்திலேயே செத்துவிடும். கடையை மாற்றிவிட்டோம்.

பாஸ் சோலோவை முழுச் சுற்றாக வைப்பதா, பிரிட்ஜிலிருந்து நான் சேர்ந்துகொள்வதா என்பது இன்னும் முடிவாகவில்லை. மிக்ஸிங்கும் தொடங்கவில்லை. ஆனால் மனம் அதற்குள் ‘ஆல் தி திங்ஸ் யூ ஆர்’ பக்கம் ஓடிவிட்டது. ஜெரோம் கெர்ன் 1939-இல் எழுதியது, 36 பார், ஐந்து சுருதி. அதிலும் ஆதாரம் ஏ பிளாட். பிரிட்ஜ் ஈ-யில் முடியும்போது அதே காந்தாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பாஸ் கீழே சி-க்கு நகர்ந்து, பிறகு எஃப் மைனரில் சேர்க்கும். ஆனால் சி-க்கு மேல் அந்தச் சுரத்தை இறக்கிப் பிடிப்பதா, ஏற்றிப் பிடிப்பதா? தம்பி ஏற்று என்கிறான். வரும் ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் பாடிப் பதிவு செய்து பார்க்கப் போகிறோம்.