'பொதுமக்கள் அச்சம்'னு நான் அனுப்புன ஆறு வரி

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் பகுதி நேர நிருபரா பதினோரு வருஷம் ஓடிப்போச்சு. தொண்டியில இருந்து தனுஷ்கோடி வரைக்கும் பைக்லயே சுத்துற வேலை, மீனவர் கைது, கடல் அட்டை பறிமுதல், குடிதண்ணி கேட்டு சாலை மறியல், இதுதான் மாத்தி மாத்தி அனுப்புற செய்தி. 2020 ஜூலையில ஒரு ஆறு வரி அனுப்புனேன், அது மட்டும் இன்னும் உறுத்திக்கிட்டே இருக்கு.

அந்த வருஷம் பிப்ரவரி கடைசியில ஈரான்ல கொரோனா பரவ ஆரம்பிச்சப்போ, அங்க படகுல கூலிக்கு மீன் பிடிக்கப் போன தமிழ்நாட்டு மீனவங்க நூத்துக்கணக்குல மாட்டிக்கிட்டாங்க, நம்ம கடற்கரை ஆளுங்களும் அதுல இருந்தாங்க. அப்ப நாங்க எல்லாரும் அவங்க பக்கம் நின்னுதான் எழுதுனோம். 'ஈரானில் தவிக்கும் மீனவர்கள்', 'கணவரை மீட்டுத் தாருங்கள்', இப்படித்தான் தலைப்பு. ஊரே அவங்களுக்காக நேர்ந்துக்கிட்டு இருந்துச்சு. ஜூலை 1-ந்தேதி ஐ.என்.எஸ். ஜலஷ்வா கப்பல் 687 பேரை ஏத்திக்கிட்டு தூத்துக்குடி வந்து சேந்துச்சு. கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த வரைக்கும் 'நம்ம மீனவர்', கரையில கால் வச்ச அன்னைக்கே 'ஈரான் ரிட்டர்ன்'. ஆளு அதே ஆளுதான், பேரை மாத்துனது நாங்க.

அந்த வாரம் டெஸ்க்ல இருந்து போன். "அண்ணே, ஈரான்ல இருந்து வந்தவங்க உங்க மாவட்டத்துல எத்தன பேரு, மக்கள் பயப்படுறாங்களான்னு நாலு வரி குடுங்க"ன்னு. உச்சிப்புளி ரோட்டோரம் பைக்கை நிறுத்திட்டு போன்லயே டைப் பண்ணேன், கடைசி வரியா 'இதனால் பொதுமக்கள் அச்சமடைந்துள்ளனர்'னு போட்டு அனுப்பிட்டேன். எந்தப் பொதுமக்களைக் கேட்டேன்? ஒருத்தரைக்கூட கேக்கல. அந்த வார்த்தை எங்க தொழில்ல விரல்லயே ஊறிப்போன வார்த்தை, தெருநாய்னா பொதுமக்கள் அச்சம், சாஞ்ச கரண்ட் கம்பம்னா பொதுமக்கள் அச்சம், யோசிக்காம வந்து விழுந்துரும். மறுநாள் காலையில பெட்டிக்கடை வாசல்ல தொங்குன போஸ்டர்ல அந்த அச்சம்தான் பெரிய எழுத்துல இருந்துச்சு.

கப்பல்ல வந்தவங்க தனிமைப்படுத்துற நாளெல்லாம் முடிஞ்சு, டெஸ்ட்ல நெகட்டிவ் வந்த பிறகுதான் வீட்டுக்கு வந்தாங்க. அப்படி ஒருத்தர் வந்த ஊருக்குப் போனேன், மண்டபம் பக்கம் ஒரு சின்ன கடற்கரை ஊர். ஊருக்குள்ள போற ரோட்டுல சீமைக்கருவேல முள்ளை வெட்டிப் போட்டு அடைச்சிருந்தாங்க. லாக்டவுன் ஆரம்பத்துல போட்ட முள்ளு காஞ்சு ஓரமா கெடந்துச்சு, இது புது முள்ளு, இலை கூட வாடல. பைக்கை வெளியிலயே விட்டுட்டு உள்ள நடந்தேன்.

தண்ணி லாரி வந்திருந்த நேரம். எங்க பக்கம் பொம்பளைங்க ஆளுக்கொரு தள்ளுவண்டி வச்சிருப்பாங்க, ஆறு கொடம் பதிக்கிற மாதிரி இரும்புல அடிச்ச வண்டி. எல்லா வண்டியும் ஒண்ணு பின்னால ஒண்ணா நிக்க, ஒரே ஒரு வண்டி மட்டும் வேப்பமரத்தடியில தனியா நின்னுச்சு. அந்த அம்மா வரிசைக்கு வரல, வர விடல. எல்லாரும் புடிச்சு முடிச்ச பிறகு டியூப்பை ஒருத்தன் தள்ளி நின்னு அவங்க பக்கம் தூக்கிப் போட்டான், அவங்க குனிஞ்சு எடுத்து மூணு கொடம் ரொப்புறதுக்குள்ள லாரியில தண்ணி தீந்துருச்சு.

என்னை அடையாளம் தெரிஞ்சிருச்சு அவங்களுக்கு, புருஷனை மீட்டுத் தரச் சொல்லி மனு குடுக்க வந்தப்ப போட்டோ எடுத்தவன் நான்தான. "தம்பி, அவுக அங்க மாட்டிக்கிட்டு கெடந்தப்ப நீங்க எழுதுன பேப்பரை வெட்டி சாமி படத்துக்கிட்ட ஒட்டி வச்சிருந்தேன், இப்ப அதே பேப்பரைக் காட்டித்தான் எங்களைத் தள்ளி நிக்கச் சொல்றாக"ன்னாங்க. கோவமா சொல்லல, அதான் எனக்குத் தாங்கல. அன்னைக்கு சாயங்காலமே 'அனைவருக்கும் நெகட்டிவ், அச்சம் தேவையில்லை'ன்னு ஒரு செய்தி அனுப்புனேன். அது வரவே இல்ல. இடம் இல்லைன்னாங்க.

அதுக்கப்புறம் பழைய பேப்பரை எல்லாம் எடுத்து வச்சுப் பாத்தேன். தமிழ்நாட்டோட முதல் கேஸ் மார்ச் 7, ஓமன்ல இருந்து வந்தவருக்கு, உடனே வெளிநாட்டுல இருந்து வந்தவன்னாலே ஆபத்துன்னு ஆச்சு. மார்ச் கடைசியில டெல்லியில நடந்த தப்லீக் ஜமாஅத் முஸ்லிம் மாநாடு, மே மாசம் கோயம்பேடு ரிட்டர்ன், ஜூன்ல சென்னை ரிட்டர்ன், அப்புறம் ஈரான். ஒவ்வொரு தடவையும் நோய்க்கு ஒரு ஊர் பேரைக் கட்டி விட்டோம். எண்ணிக்கையில பொய் இல்ல, அரசு புல்லட்டின்லயே விமானம், ரயில், கப்பல்னு வந்த வழியைத் தனித்தனியா குடுத்தாங்க, நோயைக் கண்காணிக்கிறவங்களுக்கு அது தேவை. ஆனா இங்கயே இருக்குறவங்ககிட்ட இருந்து பரவுன கேஸ் அதை விட எத்தனையோ மடங்கு ஆன பிறகும் நாங்க 'வெளியில இருந்து வந்தவங்க'ங்கிற அட்டவணையைத்தான் தலைப்புக்குத் தூக்குனோம். தினமும் அதையே பாக்குற ஜனம் என்ன நினைக்கும்? பாம்பன் புது ரயில் பாலத்துக்கு வேலை செய்ய வடக்க இருந்து வந்த பசங்க கடைக்கு வந்தா தள்ளி நிக்கச் சொன்னாங்க. ஒரு வருஷமா இங்கயே இருக்குற பையனையும் 'எப்ப வந்த?'ன்னுதான் கேட்டாங்க.

டெல்லி விஷயத்துல இன்னும் மோசம். கீழக்கரையில என்கூட படிச்சவன் ஒருத்தன், டெல்லிப் பக்கமே போகாதவன், டிவியில ராத்திரி பகலா ஓடுன ஸ்க்ரோலைப் பாத்துட்டு "எங்க தெருவுக்கு காய்கறி வண்டியே வரமாட்டேங்குதுடா"ன்னு போன் பண்ணான். 2020 ஆகஸ்ட் 21-ந்தேதி பாம்பே ஹைகோர்ட்டோட ஔரங்காபாத் பெஞ்ச், அந்த மாநாட்டுக்கு வந்த வெளிநாட்டுக்காரங்க மேல போட்ட வழக்கை ரத்து பண்ணி, பேப்பர்லயும் டிவியிலயும் அவங்களுக்கு எதிரா பெரிய பிரச்சாரமே நடந்துச்சு, நோயைப் பரப்புனதே இவங்கதாங்கிற மாதிரி காட்டப் பாத்தாங்கன்னு தீர்ப்புலயே எழுதுச்சு. அந்தத் தீர்ப்பு எத்தனை பேப்பர்ல முதல் பக்கம் வந்துச்சு? மார்ச் மாசம் அந்த இடத்தை முழுக்க ரொப்புனவங்க நாங்க.

அடுத்த வருஷம் நமக்கே திரும்பி வந்துச்சு. 2021-ல டெல்டாவை உலகம் பூரா 'இந்திய வேரியன்ட்'னு எழுதுனப்ப நமக்கு சுருக்குன்னு இருந்துச்சு, மே மாசம் நம்ம அரசாங்கமே சோஷியல் மீடியா கம்பெனிங்ககிட்ட அந்த வார்த்தையை எடுக்கச் சொல்லுச்சு, மே 31-ந்தேதி உலக சுகாதார நிறுவனம் ஆல்ஃபா, பீட்டா, டெல்டான்னு பேர் வச்சது நாட்டுப் பேரால யாரும் கேவலப்படக்கூடாதுன்னுதான். அதைப் படிச்சப்ப எனக்கு 'ஈரான் ரிட்டர்ன்'தான் ஞாபகம் வந்துச்சு.

நம்ம மண்டபம் கேம்ப்பே அப்படி ஒரு இடம்தான. இன்னைக்கு இலங்கை அகதிங்க இருக்குற அந்த இடம், வெள்ளைக்காரன் காலத்துல நம்ம ஜனங்களை அடைச்சு வச்ச குவாரண்டைன் கேம்ப். இலங்கைத் தோட்டத்துக்கு கூலிக்குப் போன குடும்பங்களை, காலராவும் பிளேக்கும் கொண்டு போயிருவாங்கன்னு அங்க நிறுத்தி வச்சு, மருந்து போட்டு, அப்புறம்தான் கப்பல் ஏத்துனாங்க. அன்னைக்கு அந்தக் கரைக்கு நாம நோய்.

2022 மார்ச் 22-ந்தேதி அதே கரையில இருந்து, அங்க பொருளாதாரம் விழுந்துபோய் சாப்பாட்டுக்கு வழியில்லாம முதல் குடும்பங்க தனுஷ்கோடிப் பக்கம் வந்து எறங்குனாங்க, கைக்குழந்தையோட. டெஸ்க்ல இருந்து அதே மாதிரி போன், கொரோனா டெஸ்ட் எடுத்தாங்களா, உள்ளூர் மக்கள் பயப்படுறாங்களான்னு. கேட்டுட்டு சொல்றேன்னு வச்சிட்டேன். ராமேஸ்வரத்துலயும் பாம்பன்லயும் பதினாலு பேர்கிட்ட நேர்ல போய்க் கேட்டேன், வலை பின்னுற இடம், ஆட்டோ ஸ்டாண்ட், கருவாடு காயப் போடுற இடம்னு. ரெண்டு பேர் பயமா இருக்குன்னாங்க, அதையும் எழுதுனேன். மத்த பன்னெண்டு பேர்ல ஒரு பெரியவர், வலையில இருந்து கண்ணை எடுக்காமயே, "பச்சப்புள்ளய மணல் திட்டுல எறக்கி விட்டுட்டுப் போயிருக்கான், அதுக்கு பால் கெடச்சுச்சான்னு கேட்டீகளா தம்பி?"ன்னார்.

அவர் சொன்னதை அப்படியே முதல் வரியா வச்சு அனுப்புனேன். வெட்டாம போட்டாங்க.