சித்தி கேட்ட கேள்வி

சேலத்திலிருந்து சித்தி போன் செய்தார். தங்கைக்கு மார்பகப் புற்றுநோய். மரபணுச் சோதனைக்கு ரத்தம் பெங்களூருக்கு வந்திருக்கிறது. “அந்தத் துளி ரத்தத்துல அப்படி என்னடா பாக்குறீங்க?” என்றார். என் வேலையே அதுதான், ஆனாலும் போனில் சொல்ல வரவில்லை. ஓசூர் ரோடு பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

டிஎன்ஏவைத் துண்டாக்கி, கண்ணாடித் தகட்டில் ஒட்டவைத்து, ஒவ்வொரு துண்டையும் நகலெடுத்துப் பெருக்குவோம். டிஎன்ஏ என்பது ஏ, டி, ஜி, சி என்ற நான்கு வேதி ‘எழுத்துகள்’ கோத்த சங்கிலி. அப்புறம் நிறமேற்றிய எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சேர்ப்போம். ஒன்று சேர்ந்ததும் ஒரு படம்; அது எந்த எழுத்து என்று நிறம் சொல்லிவிடும். அடுத்த எழுத்து, அடுத்த படம். கோடிக்கணக்கான இடங்களில் ஒரே நேரத்தில் இது நடக்கும். மார்பகப் புற்றுநோயோடு தொடர்புள்ள பிஆர்சிஏ மரபணுவில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் சிகிச்சையே மாறக்கூடும். முதல் மனித மரபணுத் தொகுதியைப் படிக்க 1990 முதல் 2003 வரை ஆனது. இப்போது ஓரிரு நாள் போதும்.

இந்த முறையை டேவிட் கிளெனர்மனோடு சேர்ந்து உருவாக்கியவர் வேதியியலாளர் சங்கர் பாலசுப்ரமணியன். 1966-ல் சென்னையில் பிறந்து, கைக்குழந்தையாக இங்கிலாந்து போனவர். 1997-ல் கேம்பிரிட்ஜில் ஒரு பப்பில் இருவரும் பேசியதில் இந்த யோசனை வளர்ந்தது.

எனக்கு அதைவிடப் பிடித்தது, சங்கர் டிஎன்ஏவின் வடிவத்தை விடாமல் துரத்துவது. ஜி எழுத்துகள் நெருங்கி வரும் இடங்களில் டிஎன்ஏ நான்கு இழையாக மடியும். மனித செல்லுக்குள்ளேயே அது இருப்பதை 2013-ல் அவருடைய குழு காட்டியது. அந்த மடிப்பில் ஒட்டிக்கொண்டு புற்றுநோய் செல்லைத் தடுக்கும் மருந்துகளை இன்னும் தேடுகிறார்கள்.

சித்தி, ரிப்போர்ட் வந்ததும் நானே நேரில் வந்து ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொல்கிறேன்.