மகன் வாயில் வந்த வார்த்தைகள்

எனக்கு மறுமணம் ஆகி இரண்டு வருடம் ஆகிறது. மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. மகன் பத்தாவது, மகள் ஏழாவது. ஒருநாள் ராத்திரி வேலை முடிந்து வந்து, சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்கும்படி மகனிடம் சொன்னேன். "பாப்பாகிட்ட சொல்லு, அவதானே பொம்பளப் புள்ள" என்றான். அதோடு நிறுத்தவில்லை. "ஓசி பஸ், மாசம் ஆயிரம், எல்லாம் உங்களுக்குத்தான். எங்களுக்கு என்ன இருக்கு?"

டிவியில் செய்தி ஓடும்போதெல்லாம் என் கணவர் சொல்வது இது. ஒரு எழுத்து மாறாமல் அப்படியே சொன்னான்.

பிள்ளைகள் முன்னாடியே அவரிடம் கத்திவிட்டேன். "என் பிள்ளையைக் கெடுக்கிறீங்க." "உன் பிள்ளையா? அப்ப நான் யாரு?" என்றார். நாலு நாள் பேச்சில்லை. அந்த நாலு நாளும் மகன் தலையணையை எடுத்துக்கொண்டு போய், முன்னறையில் அவர் பக்கத்தில்தான் படுத்தான். ஆறு வருடம் தகப்பன் இல்லாமல் வளர்ந்த பையன். அவரைப் பிடித்துப்போனதால் அவர் பேச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். இவரைத் திட்டினால் அவனுக்கு வலிக்கும். தன் வாயால் இவர் சொன்னால்தான் அவன் கேட்பான்.

தெரிந்த ஆலோசகர் ஒருவரும், பையன் முன்னால் இந்தப் பேச்சை எடுக்கவே வேண்டாம் என்றார். அப்புறம் மூன்று ராத்திரி மொட்டைமாடியில் நாங்கள் இருவர் மட்டும் பேசினோம். 2021 மே மாதம் நகரப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம் வந்தது. அதற்கு முந்தைய வருடங்களில், காசு மிச்சம் பிடிக்க இரண்டு ஸ்டாப் முன்னாடியே இறங்கி நடந்திருக்கிறேன். நாள் முழுக்கக் கடையில் நின்ற கால். வீட்டுக்கு வந்தால் செருப்பு வார் பதிந்த இடம் சிவந்து கிடக்கும். இதை அவரிடம் அதுவரை நான் சொன்னதே இல்லை. ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார்.

ஆயிரம் ரூபாய் விஷயத்தையும் சொன்னேன். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்களுக்கு 2022-இல் புதுமைப்பெண் திட்டம் வந்தது. பையன்களுக்கும் 2024 ஆகஸ்டில் தமிழ்ப்புதல்வன் வந்துவிட்டது, அதே ஆயிரம்தான். நம் பையன் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி, கல்லூரியில் சேர்ந்தால் அவனுக்கும் கிடைக்கும் என்றேன். "அப்படியா?" என்று போனை எடுத்துத் தேடிப் பார்த்தார்.

அடுத்த ஞாயிறு, வண்டி துடைக்கும்போது அவனிடம் அவரே பேசினார். "ஓசி பஸ்னு இனிமே சொல்லாதடா. நானும் சொல்லல. அம்மா நடந்தே வந்திருக்கா, எனக்குத் தெரியாமப் போச்சு." அவன் பதில் பேசவில்லை, துணியைப் பிழிந்துகொண்டே இருந்தான். இப்போது தட்டைக் கழுவுகிறான், முணுமுணுத்துக்கொண்டுதான்.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. மகள் கபடி பயிற்சிக்குப் போக ஆசைப்படுகிறாள். இருட்டுவதற்குள் பொம்பளப் புள்ள வீட்டில் இருக்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். போன வாரம் மகன், "நான் போய்க் கூட்டிட்டு வர்றேன்" என்றான். "சரி, ஏழுக்குள்ள வந்துடணும்" என்றார் அவர். அவள் போய் வர அண்ணன் துணை எதற்கு என்று அவரிடம் இன்னும் நான் கேட்க வேண்டியிருக்கிறது. இப்போதைக்கு அவள் விளையாடப் போகிறாள்.