இரண்டு மூன்று மாதம் திருவனந்தபுரத்தில் இருக்கப்போகிறவர்களுக்கு

சிகிச்சைக்கு, கோர்ஸுக்கு, தற்காலிக மாற்றலுக்கு என்று நாகர்கோவில், தென்காசிப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்தில் ரூம் எடுப்பவர்களில் பலர் கோவளத்துக்கும் மிருகக்காட்சிசாலைக்கும் போய்விட்டு ஊரையே பார்த்துவிட்டதாக நினைத்துத் திரும்பிவிடுகிறார்கள். இந்த ஊரை நடந்துதான் பார்க்கவேண்டும், அதுவும் எது எப்போது அடைத்திருக்கும் என்று தெரிந்துகொண்டு.

முதலில் வந்து இறங்கும் இடம். டிக்கெட்டில் ‘திருவனந்தபுரம் வடக்கு’ என்று இருந்தால் அது பழைய கொச்சுவேளி. தம்பானூரில் இருப்பது சென்ட்ரல். இரண்டையும் ஒன்றென்று நினைத்து ராத்திரியில் பெட்டியோடு ஆட்டோ தேடி நிற்பவர்கள் நிறைய. வெளியூர் பஸ்கள் தம்பானூரில், டவுன் பஸ்கள் கிழக்கேகோட்டையில். இடையே ஒரு கிலோமீட்டர்தான், பழவங்காடி வழியாக நடந்துவிடலாம். பஸ் போர்டு பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கும். ப, ம, ய, வ நம் எழுத்தின் சாயலிலேயே இருப்பதால், ஒரு வாரம் கவனித்துப் பார்த்தால் ஊர்ப்பெயர்கள் பிடிபட்டுவிடும். நகருக்குள் சுற்றிவரும் சர்க்குலர் பஸ்களுக்கு சிவப்பு, நீலம், மஞ்சள் என்று நிறமே பெயர். உங்கள் ரூம் பக்கம் எந்த நிறம் வருகிறது என்று முதல் நாளே கேட்டு வையுங்கள்.

பத்மநாப சுவாமி கோயிலுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். நடை இடையிடையே சாத்துவார்கள், நடுப்பகலில் திறப்பதில்லை, பிறகு மாலை ஐந்து மணிக்குத்தான். ஆண்களுக்கு வேட்டி, மேலே சட்டை கூடாது. பெண்களுக்குச் சேலை அல்லது பாவாடை. சுடிதாரில் வந்தவர்கள் வாசலில் வேட்டி வாங்கி மேலே சுற்றிக்கொள்ள வேண்டிவரும், அதனால் வீட்டிலிருந்தே ஒன்றை மடித்து எடுத்துப் போங்கள். பள்ளிகொண்ட பெருமாளை மூன்று வாசல் வழியாகத்தான் பார்க்க முடியும், தலை, நாபி, திருவடி என்று. கூட்டத்தில் தள்ளிவிடுவார்கள் என்பதால் எந்த வாசலில் எதைப் பார்க்கிறோம் என்று முன்கூட்டியே மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

பக்கத்திலேயே திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் கட்டிய குதிரைமாளிகை. கூரையின் கீழே வரிசையாக 122 மரக்குதிரைகள், அண்ணாந்து பார்க்காமல் போகிறவர்கள் பெயர்க் காரணத்தையே தவறவிடுகிறார்கள். திங்கட்கிழமை இதுவும் நேப்பியர் மியூசியமும் மிருகக்காட்சிசாலையும் விடுமுறை, பத்மநாபபுரம் அரண்மனையும்தான். ஆகவே திங்களைச் சாலைக்கு ஒதுக்குங்கள்.

சாலை என்பது இங்கே கடைத்தெருவின் பெயர். கிழக்கேகோட்டையில் தொடங்கி கிள்ளிப்பாலம் பக்கம் வரை போகும், திவான் ராஜா கேசவதாசன் காலத்தது. மசாலா, வெற்றிலை, பாத்திரம், பூ எல்லாவற்றிலும் தமிழ்க் குரல் கேட்கும், தயங்காமல் தமிழிலேயே பேசலாம். கிழக்குக் கோடியில் ஆரியசாலையும் அதை ஒட்டி வலியசாலை அக்ரஹாரமும். ராஜராஜனின் மெய்க்கீர்த்தியில் வரும் ‘காந்தளூர்ச் சாலை’ இந்த வலியசாலைதான் என்று சொல்பவர்கள் உண்டு, விழிஞ்ஞத்தைச் சொல்பவர்களும் உண்டு. எதுவானாலும் அங்குள்ள சிவன் கோயிலில் அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கத் தகும்.

நவராத்திரிக்கு நீங்கள் அங்கே இருந்தால் கொடுத்துவைத்தவர்கள். பத்மநாபபுரத்துச் சரஸ்வதி, வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் குழித்துறை, நெய்யாற்றின்கரை வழியாக இங்கே எழுந்தருள்வார்கள். சரஸ்வதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில், முருகன் ஆரியசாலையில், நங்கை செந்திட்டையில். மண்டபத்துக் கச்சேரிகளில் கைதட்டும் வழக்கம் இல்லை. நம் குமரி மாவட்டத்துத் தெய்வங்கள் அங்கே விருந்தாளியாக இருப்பதைப் பார்ப்பதுதான் இந்த நகரத்தை நமக்குச் சொந்தமாக்குகிறது.

திட்டம் குலையும் நாட்கள் சில உண்டு. ஆற்றுகால் பகவதி கோயில் பொங்காலையன்று கிழக்கேகோட்டையைச் சுற்றிக் கிலோமீட்டர் கணக்கில் ரோடெல்லாம் அடுப்புதான், ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட் அன்றைக்கு வேண்டாம். பத்மநாப சுவாமி கோயில் ஐப்பசி, பங்குனி உற்சவத்தின் ஆறாட்டு (சுவாமி நீராட்டு) ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்கு விமான ஓடுதளத்தைக் கடந்து போகும். அன்று மாலை சில மணி நேரம் விமானமே இறங்காது, டிக்கெட் போடும்முன் தேதி பாருங்கள். அடுத்தது மழை. ஜூனிலும் ஐப்பசியிலும் ஒரு மணி நேரம் கொட்டினால் தம்பானூரில் தண்ணீர் நிற்கும். தாழ்ந்த இடம், அதன் நீரை வடிக்க வேண்டிய ஆமயிழஞ்சான் தோடு என்ற ஓடையோ ரயில்வே தண்டவாளத்துக்கு அடியில் போகிறது, குப்பை அடைத்தால் திரும்பி மேலே வந்துவிடும். கனமழையில் அரைமணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள்.

சமைக்கிறவர்களுக்கு ஒன்று. கேரளத்துச் சிவப்பரிசியான மட்டை அரிசியை நம் புழுங்கலரிசிக் கணக்கில் குக்கரில் வைத்தால் நடுவில் கல்லாக இருக்கும். ஒரு மணி நேரம் ஊறவைத்து, திறந்த பானையில் ஒன்றுக்கு ஐந்து பங்கு தண்ணீர் விட்டு வேகவைத்து வடியுங்கள். ஹோட்டலில் சிவப்பாக வரும் வெந்நீர் டீ அல்ல, பதிமுகம் என்ற மரச்சீவல் போட்டது, தைரியமாகக் குடிக்கலாம். ‘வெள்ளம்’ என்றால் தண்ணீர், ‘பட்டி’ என்றால் நாய். பரிமாறுகிறவரிடம் ‘மதி’ என்று சொன்னால் நிறுத்திவிடுவார்.