எண்ணித் தைத்த ஊர்

பழைய வண்ணாரப்பேட்டை வீட்டு மாடியில், இழைகளை எண்ணித் தைக்க வசதியான மேட்டித் துணியை மடியில் பரப்பி வைத்துக்கொண்டு அத்தை சொல்லிக்கொடுத்த கிராஸ் ஸ்டிட்ச்தான் எனக்குத் தெரிந்த முதல் கைவேலை. அதில் நான் தைத்ததெல்லாம் கிளியும் ரோஜாவும் ‘நல்வரவு’ம்தாம். அதே பெருக்கல்குறித் தையலால் உடுப்பின் மேல் ஓர் ஊரையே அடையாளம் காட்டலாம் என்பது, பாலஸ்தீனப் பெண்களின் ‘தத்ரீஸ்’ பற்றிப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது.

தத்ரீஸ் என்பது எம்ப்ராய்டரிக்கான அரபுச் சொல். ‘தோப்’ எனப்படும் நீண்ட அங்கியின் மார்புப் பகுதியிலும் பக்கவாட்டிலும் கிராமத்துப் பெண்கள் தங்கள் கையால் தைத்த வேலைப்பாடு அது. ரமல்லாப் பக்கத்து வெள்ளை லினன் அங்கியில் சிவப்பு நூல் நெருக்கமாக ஓடும். பெத்லகேமிலோ பட்டு, ஜரிகைக் கயிறுகளைத் துணியின் மேல் கிடத்திச் சிறு தையல்களால் பிடித்துவைப்பார்கள்; நம்மூர்ச் சர்தோசி வேலையைப் பார்த்த கண்ணுக்கு அது அந்நியமாகத் தெரியாது. சைப்ரஸ் மரம், பெத்லகேம் நிலா, பாஷாவின் கூடாரங்கள் என்று ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு பெயர் உண்டு. பெண்ணின் அங்கியைப் பார்த்தே அவள் எந்தப் பகுதிக்காரி என்று சொல்லிவிட முடிந்த காலம் அது.

1948-இல், இஸ்ரேல் உருவானபோது நடந்த போரில், சுமார் 7 லட்சம் பாலஸ்தீனர் வீடிழந்தார்கள். 400-க்கும் மேற்பட்ட ஊர்கள் ஆளற்றுப் போயின. அகதி முகாம்களில் வெவ்வேறு ஊர்ப் பெண்கள் அருகருகே உட்கார்ந்து தைத்தபோது, ஓர் ஊரின் மரமும் இன்னோர் ஊரின் நிலாவும் ஒரே அங்கியில் சேர்ந்தன. இதைக் கலப்படம் என்று வருந்துவோருடன் எனக்கு உடன்பாடில்லை. அதற்கு முன்பே, 1930-களில் பிரான்சிலிருந்து வந்த டி.எம்.சி. கம்பெனி நூலோடும் மாதிரித் தாள்களோடும் ஐரோப்பியப் பூக்களும் பறவைகளும் அந்த அங்கிகளில் குடியேறியிருந்தன. 1987-இல் முதல் இன்டிஃபாடா, அதாவது இஸ்ரேலிய ஆக்கிரமிப்புக்கு எதிரான மக்கள் எழுச்சி, தொடங்கியபோது, பாலஸ்தீனக் கொடியைப் பொது இடத்தில் காட்ட இஸ்ரேலிய ராணுவம் தடை விதித்திருந்தது. பெண்கள் கொடியின் நிறங்களையும் நாட்டின் வரைபடத்தையும் அங்கியிலேயே தைத்து உடுத்திக்கொண்டார்கள். பாட்டி தைத்ததை மட்டுமே தைப்பது என்று அவர்கள் இருந்திருந்தால், அந்த அங்கிகள் பிறந்தே இருக்காது.

2021-இல் யுனெஸ்கோ இந்தக் கலையைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. மகிழ்ச்சிதான். ஆனால் லெபனானின் முகாம்களில் பெண்களுக்குத் தையல் வேலையும் கூலியும் கிடைக்க 1969-இலேயே ‘இனாஷ்’ என்ற அமைப்பு தொடங்கப்பட்டதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன், ஏனென்றால் கூலி வருகிற வீட்டில் ஊசி துருப்பிடிப்பதில்லை.

சைப்ரஸ் வடிவத்தை ஒரு ரவிக்கையில் போட்டுத் தரும்படி எம்.சி. ரோடு பக்கத்தில் ஒரு கடையில் கொடுத்தேன். கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரியில் மரம் கொழுத்துப் போய், கட்டக் கணக்கே காணாமல் போயிருந்தது. பின்புறம் ஒரே நூல் சிக்கல். சரி, நாமே தைப்போம் என்று உட்கார்ந்தேன்.

கருநீலப் பருத்தியில் இழைகளை எண்ண முடியாது. அதற்கும் அந்தப் பெண்களிடம் வழி இருக்கிறது: கட்டங்கள் தெரிகிற கான்வாஸ் துணியொன்றை மேலே ஓட்டுத் தையலில் பிடித்து, இரண்டையும் சேர்த்துத் தைத்து, முடிந்த பிறகு கான்வாஸின் இழைகளை மட்டும் ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிடுவது. மூன்று வாரம் தைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் புருவம் திருத்தும் இடுக்கியால் இழைகளை உருவினேன். இறுகப் பிடித்திருந்த சில இழைகள் அறுந்தே வந்தன. கட்டங்கள் போன பிறகு கருநீலத்தின் மேல் சிவப்பு மரங்கள் மட்டும் நின்றன.

அத்தையிடம் காட்டினேன். அவர் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. துணியைத் திருப்பி, விரலால் தடவி, முடிச்சைத் தேடினார். பிறகுதான் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மரத்தை எண்ணினார்.

“பின்பக்கம் பரவாயில்ல. மூணாவது வரியில ஒரு கட்டம் தள்ளிக் குத்திட்ட பாரு.”